எதிரி முன்னில்லா வீரம்

நம் சங்க மண்டபத்தின் கீழைச் சுவரில் படைவீரர் பெயர்ப்பலகை ஒன்று அமைத்தல் வேண்டும் என்று சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் முடிவு செய்யப்பெற்றதை நேயர்கள் அறிவர். நம் மரபினருள் படையிற் சேர்ந்து உயிர்நீத்தோர் பெயர்களைத் திரட்டும் பொறுப்பு எம்மிடமும் வேறு இரண்டு அன்பர்களிடமும் ஒப்புவிக்கப்பெற்றது. திரட்டிவருங்கால் ஒரு பெயர்பற்றி ஐயம் பிறந்தது. பட்டாளத்தில் பணியாற்றிய இளைஞர் ஒருவர், விடுப்பில் ஊர் வந்திருந்த காலத்தில், ஏரி உடைந்து பெருகிய வெள்ளத்தினின்று மூவரைக் கரையேற்றினார். நான்காமவரைத் தேடி மீட்டும் நீரில் இறங்கியவர் திரும்பி வந்திலர். அவர்தம் பெயரை யாம் பட்டியிற் சேர்த்தபோது, "இவர் போரில் மாய்ந்தவர் அல்லரே; பலகை போர்வீரர்க்கு அன்றோ?" என்று குழுவிலிருந்த பெரியவர் ஒருவர் தடை கூறினார்.

அவர் கூற்றைப் பொருளற்றது என்று யாம் தள்ளிவிடவில்லை. அவர் தாமே பட்டாளத்தில் இருந்தவர். குண்டுமழையின் நடுவே நிற்றல் இன்னதென்பதை அறிந்தவர். ஆயினும், இதே கேள்வியைப் பெரிய அரசுகள் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமக்குள் கேட்டுக்கொண்டு, ஒருகால் ஒருவாறும் மற்றொருகால் வேறுவாறும் விடை கூறி வந்துள்ளன. அவ்வரலாற்றை அறிந்தபின் நம் குழு முடிவு செய்தல் நன்று எனக் கருதியே இதனை எழுதப் புகுந்தோம்.

ஆங்கில நாட்டில் விக்டோரியா அரசி 1856-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தம் பெயரால் ஒரு சிலுவைப் பதக்கத்தை ஏற்படுத்தினார். வெண்கலத்தால் ஆகிய அதுவே அந்நாட்டுப் படைவிருதுகளுள் தலையாயது. எதிரியின் முன்னிலையில் ஆற்றிய அருஞ்செயலுக்கே அது உரியது என்பது முதல் விதி. "எதிரியின் முன்னிலை" என்னும் இத்தொடரை நேயர்கள் மனத்திற் கொள்க. பின்வரும் வரலாறு முழுவதும் இத்தொடரைச் சுற்றியே நடக்கிறது.

அடுத்த ஆண்டே அவ்விதிக்குச் சோதனை நேர்ந்தது. 1857-இல் வடநாட்டிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த காலத்து, 54-ஆம் காலாட்படையை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவை நோக்கி வந்த "சாரா சாண்ட்ஸ்" என்னும் கப்பலில் நவம்பர் 11-ஆம் நாள் தீப்பற்றியது. வெடிமருந்து அறை தீக்கு அருகில் இருந்தது. பெண்டிரையும் குழந்தைகளையும் படகுகளில் இறக்கிவிட்டுச் சிப்பாய்கள் புகைமண்டிய அவ்வறைக்குள் இறங்கி, வெடிமருந்தை எடுத்தெடுத்துக் கடலில் எறிந்தனர். எஞ்சியது வெடித்துக் கப்பலின் பின்புறத்தைப் பிளந்தது. அப்படியும் தீயை அணைத்து, நீர் புகுந்த கலத்தை மொரீசியசுத் தீவில் கொண்டுபோய்ச் சேர்த்தனர். இவர்கட்கு என்ன விருது கொடுப்பது? எதிரி எவனும் அங்கு இலனே! இந்நிகழ்ச்சியின் பயனாக 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் விதி விரிக்கப்பெற்றது. கப்பலில் தீப்பற்றுதல், கலம் மூழ்குதல் போன்ற இடர்க்காலங்களில் உயிரையோ பொதுவுடைமையையோ காத்தோர்க்கும் அச்சிலுவை உரியதாயிற்று. ஆனால் யாருக்காக விதி மாற்றப்பெற்றதோ அவர்களுள் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. புதிய விதி பின்னோக்கிச் செல்லாது என்றனர். விதி வகுப்போர் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

இவ்விரிந்த விதியின்கீழ் அச்சிலுவையைப் பெற்றவர் அறுவரே. முதல்வர் திமோதி ஓஹே என்னும் ஐரிஷ் சிப்பாய். 1866-ஆம் ஆண்டு சூன் 9-ஆம் நாள், கனடா நாட்டில் டான்வில் என்னும் நிலையத்தில், 2000 ராத்தல் வெடிப்பொருள் ஏற்றிய இரயில் வண்டியில் தீப்பற்றியது. சுற்றிநின்றோர் திகைத்து நிற்க, இவர் வண்டியைத் திறந்து, உள்ளே ஏறி, நீர் கொண்டு தீயை அணைத்தார்.

ஏனைய ஐவர் வரலாறு நமக்கு அணித்தாகிய கடலில் நிகழ்ந்தது. ஆதலின் அதனைச் சற்று விரித்துக் கூறுவோம்.

1867-ஆம் ஆண்டில் "அஸாம் வேலி" என்னும் கப்பலின் தலைவரும் மாலுமிகள் எழுவரும் சிறிய அந்தமான் தீவில் இறங்கினர், மீண்டிலர். தீவினர் அவர்களைக் கொன்றிருக்கலாம் என்று கருதிய பர்மாவின் ஆங்கில ஆட்சித்தலைவர், உண்மை அறிந்து வருமாறு ரங்கூனிலிருந்து ஒரு படைப்பிரிவை நீராவிக் கப்பலில் அனுப்பினார். அப்பிரிவு 24-ஆம் காலாட்படையின் இரண்டாம் பட்டாளத்தைச் சார்ந்தது. மே 7-ஆம் நாள் அவர்கள் தீவை அடைந்தனர். ஒரு கூட்டத்தார் படகில் கரைசேர்ந்து கடலோரமாகத் தேடிச் சென்றனர். தீவினர் அம்பெய்தனர்; இவர்கள் துப்பாக்கியால் சுட்டனர். நேரம் செல்லச் செல்லத் தோட்டா குறைந்தது. திரும்பலாம் என்றால் கடல் விடவில்லை. அத்தீவின் கரையில் அலை மிகப் பெரிது. கரையில் நின்றோர்க்கும் அலைக்கு அப்பால் காத்துநின்ற படகுகட்கும் இடையே நுரைத்தெழும் நீர்ச்சுவர் ஒன்று நின்றது.

அந்நிலையில் காம்பெல் மெல்லிஸ் டக்ளஸ் என்பவர் முன்வந்தார். இவர் வாள்வீரர் அல்லர். பட்டாளத்து உதவி மருத்துவர். கனடாவிற் பிறந்தவர், அகவை இருபத்தாறு. தாமஸ் மர்பி, ஜேம்ஸ் கூப்பர், டேவிட் பெல், வில்லியம் கிரிபித்ஸ் என்னும் நான்கு சிப்பாய்கள் துடுப்பேந்தினர். முதன்முறை ஏறக்குறையக் கரையை நெருங்கினர். ஆயின் படகு பாதியளவு நீரால் நிரம்பியமையால் திரும்பிவிட்டனர். இங்கே கதை முடிந்திருக்கலாம். ஒருமுறை முயன்று தோற்றவனை யாரும் பழிப்பதில்லை. அவர்கள் நீரை இறைத்துவிட்டு மறுமுறை சென்று ஐவரை அலைக்கப்பால் கொணர்ந்து சேர்த்தனர். மூன்றாம் முறை சென்று எஞ்சினோர் அனைவரையும் மீட்டனர். மீட்கப்பெற்றவர் பதினெழுவர். டக்ளஸ் படகின் முகப்பில் நின்றுகொண்டு, நாள்தோறும் செய்யும் வேலையைச் செய்வார்போல ஒரு கலக்கமும் இன்றி அலையை நோக்கிப் படகைச் செலுத்தினார் என்றும், துடுப்பேந்திய நால்வருள் ஒருவர் ஒரு நொடி தயங்கியிருப்பினும் அனைவர்க்கும் பெருந்தீங்கு விளைந்திருக்கும் என்றும் படைத்தலைவர் அறிக்கை விடுத்தார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் ஐவர்க்கும் விக்டோரியா சிலுவை வழங்கப்பெற்றது.

இவ்வரலாற்றிற் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அன்று கரையில் அம்பு பறந்தது உண்மை. துப்பாக்கி வெடித்ததும் உண்மை. இருந்தும் இவ்விருது "எதிரியின் முன்னிலையில்" வழங்கிய விருதாக எண்ணப்பெறவில்லை. தம் தீவில் வேற்றார் இறங்கக் கண்டு வில்லெடுத்த அம்மக்களை எதிரி என்னும் பெயர்க்குக்கூட உரியராக ஆங்கிலேயர் மதிக்கவில்லை என்றே யாம் எண்ணுகிறோம். அவர்களைத் தீயோடும் புயலோடும் ஒருங்குவைத்து இயற்கை இடர்களுள் ஒன்றாக்கிவிட்டனர். ஓங்கே என்னும் அத்தீவினரில் அன்று சுடப்பட்டு மாய்ந்தோர்க்குப் பலகையும் இல்லை, பதக்கமும் இல்லை. படகு செலுத்திய ஐவரின் வீரத்தை இது குறைக்காது. ஆனால் அவர்கள் புகழை எழுதுங்கால் இதனை விடுத்து எழுதுதல் நேர்மை ஆகாது.

ஐவருள் கிரிபித்ஸ் என்பவர் 1879-ஆம் ஆண்டு சனவரி 22-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவில் இசாண்டல்வானா என்னுமிடத்தில் சூலு மறவரோடு பொருது மாய்ந்தார். ஒரே மனிதர், ஒரே படை. ஒருகால் உயிர் காத்தார். மற்றொருகால் போரில் உயிர் நீத்தார். அவர் பெற்ற பதக்கம் முன்னதற்கே உரியது என்பதை நம் குழுவினர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

1881-ஆம் ஆண்டு அரசின் உள்ளம் மாறியது. விக்டோரியா சிலுவை எதிரியின் முன்னிலைச் செயலுக்கே உரியது என்று மீட்டும் விதி இறுக்கப்பெற்றது. அதற்குமுன் 1866-இலேயே ஆல்பர்ட் பதக்கம் என ஒன்று கடலில் உயிர்காத்தோர்க்காக நிறுவப்பெற்றிருந்தது; 1877-இல் நிலத்திற் செய்த செயல்கட்கும் அது விரிந்தது. முதலில் அதனைப் பெற்றவர் சாமுவேல் பாப்பிள்ஸ்டோன் என்னும் உழவர். கரையருகே உடைந்த கலத்தினின்று மாலுமிகளை மீட்டவர். ஆக, போர்வீரர்க்கு ஒன்று, உயிர்காத்தோர்க்கு ஒன்று எனப் பதக்கம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்ததில் தவறில்லை, ஆனால் ஒன்று மேல், ஒன்று கீழ் என்ற எண்ணமும் அதனுடன் வளர்ந்தது. அவ்வெண்ணம் 1940 வரை நீங்கவில்லை.

அவ்வாண்டு செருமானியர் இலண்டன் மாநகர்மேல் நாள்தோறும் குண்டு பொழிந்தனர். வெடியாத குண்டுகள் வீதிகளில் புதைந்து கிடந்தன. செயின்ட் பால் பெருங்கோயிலின் அருகே ஆழப் புதைந்த குண்டு ஒன்றை, ராபர்ட் டேவீஸ் என்னும் அதிகாரியும் ஜார்ஜ் வைலி என்னும் சாப்பரும் தம் குழுவினருடன் தோண்டியெடுத்தனர். அதனை லாரியில் ஏற்றி, தாமே ஓட்டிச்சென்று வெற்றிடத்தில் வெடிக்கச் செய்தார் டேவீஸ். இத்தகையோர்க்கு எதிரி கண்முன் இலன். ஆனால் இவர்தம் வீரம் எந்தப் போர்முனை வீரத்திற்கும் தாழ்ந்தது என்று கூற யார் துணிவர்? ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஜார்ஜ் சிலுவையை நிறுவினார். அஃது விக்டோரியா சிலுவைக்கு அடுத்த படியில், படைவீரர்க்கும் குடிமக்களுக்கும் பொதுவாய் அமைந்தது. பின்னர் 1971-இல், உயிருடனிருந்த ஆல்பர்ட் பதக்கத்தாரும் ஜார்ஜ் சிலுவைக்குரியோர் ஆக்கப்பெற்றனர்.

இச்சிலுவையைப் பெற்றோருள் நம் தமிழ்ப்பெயர் தாங்கிய ஒருவர் உளர். சென்னைச் சாப்பர்ஸ் படையைச் சார்ந்த சுபேதார் சுப்பிரமணியன் அவர். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்னும் ஊரருகே, நிலத்திற் புதைந்த கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். வெடி ஒன்று வெடிக்கப்போகிறது என்பதை உணர்ந்தார். சில நொடிகளே உண்டு. தாம் ஒதுங்கிக் கொண்டிருக்கலாம். ஒதுங்காது அவ்வெடியின்மேல் தம் உடலைக் கிடத்தினார், உடனிருந்தோர் பிழைத்தனர். வெடியைப் புதைத்தவன் பகைவன்தான். ஆயினும் அவன் அங்கு நின்று சுட்டானல்லன். ஆதலின் விக்டோரியா சிலுவை அன்று, ஜார்ஜ் சிலுவையே அவர்க்கு உரியதாயிற்று. போரில் மாய்ந்தார் என்பதா, போரின்றி மாய்ந்தார் என்பதா? நம் குழுவின் விதிப்படி இவர் பெயரை எப்பக்கத்தில் எழுதுவது என்பதை எம்மால் துணிய முடியவில்லை.

இனி அமெரிக்க நாட்டுக்கு வருவோம். அந்நாட்டுப் பேரவை 1926-இல் "படைவீரர் பதக்கம்" என ஒன்றை ஏற்படுத்தியது. எதிரியொடு நேரே பொருதலில்லாத அருஞ்செயலுக்கு அஃது உரியது. கடற்படைக்கு அத்தகைய பதக்கம் ஒன்று 1942-இல் ஏற்பட்டது. பிற்காலத்தில் அந்நாட்டுத் தலைவரான ஜான் கென்னடி 1943-இல் தம் படகு பகைக்கலத்தால் இரண்டாகப் பிளக்கப்பட்டபோது, காயமுற்ற மாலுமி ஒருவரின் மிதவைச் சட்டை வாரைப் பல்லாற் கவ்விக்கொண்டு பல மணிநேரம் நீந்திக் கரைசேர்த்தமைக்குப் பெற்றது இப்பின்னதே.

ஆனால் படைவீரர் பதக்கத்தின் வரலாற்றில் யாம் என்றும் மறக்கவியலாதது வேறொன்று. 1968-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள், வியட்நாம் நாட்டில் மை லாய் என்னும் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் புகுந்து, படைக்கலமில்லாத முதியோரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் சுட்டுக் கொன்றனர். அவ்வூர் நினைவிடத்தில் பொறிக்கப்பெற்ற பெயர்கள் 504. அன்று மேலே சிறிய ஹெலிகாப்டர் ஒன்றில் பறந்துகொண்டிருந்தவர் ஹியூ தாம்சன் என்னும் இளைஞர், அகவை இருபத்துநான்கு. உடன் இருந்தோர் லாரன்ஸ் கோல்பர்ன், கிளென் ஆண்ட்ரியோட்டா என்னும் இருவர். கீழே கிடந்த பிணங்களைக் கண்டு முதலில் அவர்கட்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பதுங்குகுழி ஒன்றில் ஊர்மக்கள் ஒளிந்திருக்க, தம் நாட்டுப் படையினர் அதனை நோக்கி நடந்து வருவதைக் கண்டனர். தாம்சன் தம் ஊர்தியை இருசாரார்க்கும் இடையே இறக்கினார். அவர்கள் இம்மக்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தம் தோழர் இருவர்க்கும் ஆணையிட்டுவிட்டு, தாம் இறங்கிச் சென்று, பதுங்குகுழியிலிருந்தோரை வெளியே அழைத்து, வேறு ஹெலிகாப்டர்களை வருவித்து ஏற்றி அனுப்பினார். அதன்பின் பிணங்கள் நிரம்பிய வாய்க்கால் ஒன்றில் ஏதோ அசையக் கண்டு மீட்டும் இறங்கினர். ஆண்ட்ரியோட்டா பிணங்களினூடே நடந்துசென்று உயிருடனிருந்த சிறு குழந்தை ஒன்றைத் தூக்கிவந்தார். தாம்சன் மேலதிகாரிகளிடம் சென்று முறையிட, அதன் பயனாகச் சுடுதல் நிறுத்தப்பெற்றது.

இச்செயலுக்குப் படைத்துறையார் முதலிற் கொடுத்த பதக்கம் வானூர்தி வீரர்க்குரிய சிலுவை. அதன் சான்றிதழ், இருபுறத்துத் துப்பாக்கிச் சூட்டின் நடுவே அகப்பட்ட குழந்தையை இவர் காத்ததாகக் கூறியது. இருபுறச் சூடு ஏது? சுட்டது ஒருபுறந்தானே! பொய்யுரை பொறித்த அதனைத் தாம்சன் எறிந்துவிட்டார். நீதிமன்றத்திற் சான்று கூறியமையால் தம் நாட்டாரிடம் அவர் பெற்றவை வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களுமே. ஆண்ட்ரியோட்டா மூன்று வாரத்தில் போரில் மாய்ந்தார். நெடுங்காலம் கழிந்தபின், பேராசிரியர் ஒருவரின் இடைவிடாத முயற்சியால், படைத்துறை அசைந்தது. மூவர்க்கும் சேர்த்தே, அதுவும் பொதுமக்கள் காண வழங்கினாலன்றி ஏற்கேன் என்று தாம்சன் கூறிவிட்டார். 1998-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள், வாஷிங்டன் நகரில் வியட்நாம் போர் நினைவுச்சுவரின் அருகில், தாம்சனுக்கும் கோல்பர்னுக்கும் நேரிலும் ஆண்ட்ரியோட்டாவுக்கு அவர் மறைவுக்குப் பின்னும் படைவீரர் பதக்கம் வழங்கப்பெற்றது. முப்பது ஆண்டு நிறையப் பத்து நாளே குறைந்திருந்தது.

எதிரியொடு பொருதலில்லாத வீரத்திற்கு உரியது என்பது அப்பதக்கத்தின் விதி. விதி வகுத்தோர் தீயையும் வெள்ளத்தையும் எண்ணி அச்சொற்களை எழுதியிருப்பர். தன் கொடி தாங்கிய தன் படையினர்க்கு எதிரே நிற்பதற்கும் அச்சொற்கள் பொருந்தி வரும் என்பதை அவர்கள் கனவிலும் கருதியிரார். யாம் படித்த வீரர் வரலாறுகளுள் இதற்கு ஒப்பானதைக் கண்டிலேம்.

நம் நாட்டு அரசு 1952-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அசோகச் சக்கர விருதினை மூன்று வகுப்பாக நிறுவி, 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதற்கொண்டு அது செல்லுமாறு செய்தது. அம்மூன்றும் 1967 முதல் அசோகச் சக்கரம், கீர்த்திச் சக்கரம், சௌரியச் சக்கரம் எனப் பெயர் பெற்றன. எதிரியை எதிர்நின்று பொருதலல்லாத வீரத்திற்கும் தன்னல மறுப்பிற்கும் உரியவை இவை. 1952 பிப்ரவரியில் இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவிலிருந்து தில்லிக்கு மூத்த படைத்தலைவர்களை ஏற்றிச் சென்ற விமானத்தில் தீப்பற்றியபோது, அதனைச் சண்டிலா அருகே வயல்வெளியில் இறக்கி அனைவரையும் காத்த விமானி சுகாஸ் பிஸ்வாஸ் தலைவகுப்பு விருதைப் பெற்றார். பிற்காலத்தில் இவ்விருது பயங்கரவாதிகளை எதிர்த்துப் பொருதோர்க்கே மிகுதியும் வழங்கப்பெற்று வருகிறது. நம் சென்னையின் மேஜர் முகுந்த் வரதராஜன் 2014-இல் காசுமீரத்தில் உயிரீந்து பெற்றதும் இதுவே. துப்பாக்கி எதிரே நிற்க, சட்டம் மட்டும் அவனை எதிரி என்று கூறாமையால் இவ்விருது வருகிறது. அந்தமான் கரையை இஃது எமக்கு நினைவூட்டுகிறது. இங்கே காரணம் வேறு என்பதையும் மறவோம்.

இவையன்றி 1961-இல் உயிர்காப்புப் பதக்கங்கள் மூன்று, சர்வோத்தம், உத்தம், சீவன் ரட்சா எனத் தரம் பிரித்து நிறுவப்பெற்றன. நீரில் மூழ்குவோரையும் தீயிற் சிக்கியோரையும் மீட்டோர்க்கு இவை உரியன. படையினரும் காவலரும் தீயணைப்புத் துறையினரும் தம் கடமைக்குப் புறம்பாகச் செய்த செயலுக்காயின் இவற்றைப் பெறலாம். விடுப்பில் வந்த சிப்பாய் வெள்ளத்தில் இறங்கியது கடமைக்குப் புறம்பானதே. நம் இளைஞர்க்காக இதனைக் கேட்டு விண்ணப்பிக்க அன்று ஒருவர்க்கும் தோன்றாமற்போனது நம் குறை.

தமிழாசிரியராகிய எம்மிடம், நம் பழைய நூல்கள் என்ன கூறும் என்று குழுவினர் கேட்டனர். நிரை கவர்தல் வெட்சி. நிரை மீட்டல் கரந்தை. மீட்டு மாய்ந்தோர்க்கு நடுகல் எடுத்தனர் நம் முன்னோர்; செங்கத்தைச் சூழ்ந்த ஊர்களில் அத்தகைய கற்கள் பலவுள. ஆனால் கரந்தையும் போரே. அதனை எம் கட்சிக்கு முழுச்சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. கொங்கு நாட்டுப் புலிக்குத்திக் கற்களே எமக்குச் சான்று. ஊரையும் ஆவையும் காக்கப் புலியொடு பொருதவனுக்கு, அரசன் பகைவனைக் கொன்றவனுக்கு நாட்டிய அதே வகைக் கல்லை நாட்டினர். புலி எந்த நாட்டுப் படையையும் சார்ந்ததன்று.

வரும் பொதுக்கூட்டம் ஆவணித் திங்களில் கூடுகிறது. பலகையின் விதியில் "போரில் உயிர்நீத்தோர்" என்று இருப்பதைப் "படையிற் பணியாற்றியோருள் போரிலேனும் பிறர் உயிர் காத்தற்கண்ணேனும் உயிர்நீத்தோர்" என மாற்றுதல் வேண்டும் என்று யாம் திருத்தம் எழுதிச் செயலாளரிடம் சேர்ப்பித்துள்ளோம். தடை கூறிய பெரியவரிடமும் அதன் படி ஒன்றைக் கொடுத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியை அணிந்து இருமுறை படித்துவிட்டு, "அந்தப் பையனின் தகப்பனாருக்குச் செய்தி சொல்லியாயிற்றா?" என்று மட்டும் கேட்டார்.